நாலு தறியும் ஒரு முறம் தானியமும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா மல்லசமுத்திரம். ஆட்டையாம்பட்டிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல, பஸ்சுல கொஞ்சம் கண்ணசந்தா தாண்டிப் போயிடும். பருத்தி ஏலம் நடக்கிற நாள்ல மட்டும் வேன், டெம்போன்னு கொஞ்சம் பரபரப்பா இருக்கும். மத்த நாள்ல சுத்துவட்டாரம் முழுக்க தறிச்சத்தம்தான். அந்தச் சத்தத்துலயே பொறந்து வளர்ந்ததால, பெங்களூர் வந்த புதுசுல எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. அவ்ளோ அமைதி :-)

இந்தப் பதிவு ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது. எங்க பெரியப்பா பையனைப் பத்தினது, ஆனா அவரைப் பத்தி மட்டும் இல்லை. பேர் வேண்டாம். அண்ணன்னே வெச்சுக்குவோம்.

முதல்லயே ஒரு டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். நாலைஞ்சு வருஷமா படிச்சதை எழுதறேன். தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, திருத்திக்கிறேன்.

2009ல நான் ஏழாங்கிளாஸ். அண்ணனுக்கு அப்போ இருபத்தி ரெண்டு. விசைத்தறில நாலு தறி பாத்துக்கிட்டிருந்தார். தறி தெரியாதவங்களுக்குச் சின்ன விளக்கம். நீளவாக்குல போறது பாவு, குறுக்க போறது ஊடை. ஊடை நூலைச் சுத்தின தார் நாடாவுக்குள்ள இருக்கும். தார் தீர்ந்தா உடனே மாத்தணும். பாவுல இழை அறுந்தா தறியை நிறுத்தி முடிச்சுப் போடணும். ஒரு தறில இதைச் செய்யறப்ப மத்த மூணுலயும் கண்ணும் காதும் இருக்கணும். சத்தம் மாறுறதை வெச்சே எந்தத் தறி நிக்கப்போவுதுன்னு சொல்றவங்க இருக்காங்க. அண்ணன் அப்படிப்பட்ட ஆள்.

அந்த வருஷம்தான் அவருக்கு யாரோ பேசற மாதிரி கேக்க ஆரம்பிச்சது. பக்கத்துத் தறிக்காரர் சோத்துல மருந்து வெச்சுட்டார்னு சொன்னார். நம்ம பக்கத்து வழக்கப்படி முதல்ல குணசீலம். அங்க 48 நாள். அதுக்கப்புறம் யாரோ சொல்லி சேலத்துல மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. மனச்சிதைவுன்னு சொன்னாங்க, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரை கொடுத்தாங்க. மூணு நாலு மாசத்துல குரல் நின்னுடுச்சு. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். திரும்பத் தறிக்குப் போனார்.

பதினஞ்சே நாள். ஒரு தறில முடிச்சுப் போட்டு நிமிர்ந்தா இன்னொன்னுல தார் தீர்ந்து வெறும் நாடா ஓடிட்டிருக்கும். அதை மாத்தப் போனவர் எதுக்கு வந்தோம்னு மறந்து நிப்பார். துணியில ஊடை விட்டுப்போய் பீஸ் பீஸா வீணாச்சு. தறி முதலாளி கூலியைப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கச் சொல்லிட்டார். அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல அண்ணன் திண்ணையில உக்காந்து தார் சுத்திக்கிட்டிருந்தார். சின்னப் பசங்களும் வயசானவங்களும் செய்யற வேலை.

பெரியம்மா என்கிட்ட சொல்லுவாங்க. "திங்கறான், தூங்கறான், கொரலும் கேக்கறதில்லீங்கறான். அப்பறம் வேலைக்குப் போறதுக்கு என்ன கண்ணு? சோம்பேறித்தனந்தான்."

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அதான் இந்தப் பதிவோட வேர். வியாதி போயிடுச்சுன்னா வேலை ஏன் வரலை?

இந்தக் கேள்விக்கு நூத்தி முப்பது வருஷ வரலாறு இருக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

எமில் கிரெப்பலின்னு ஒரு ஜெர்மன் டாக்டர். இந்த நோயைத் தனியாப் பிரிச்சு 1890கள்ல பேர் வெச்சவர். அவர் வெச்ச பேர் டிமென்ஷியா பிரிகாக்ஸ், அதாவது இளவயசுலயே வர்ற அறிவுத் தேய்வு. சோதனைச் சாலை வெச்சு மனசை அளந்த வில்ஹெல்ம் வுண்ட்கிட்டப் பாடம் படிச்சவர் இவர். ஆட்களை உக்கார வெச்சு ஒத்தை இலக்க எண்களைத் தொடர்ந்து கூட்டச் சொல்லி, நேரம் ஆக ஆக வேகம் எப்படிக் கூடுது குறையுதுன்னு கோடு போட்டு "வேலை வளைவு"ன்னு வரைஞ்சவர். அவர் பார்வைல இந்த நோயோட மையமே கவனமும் சிந்தனையும் சிதையறதுதான். அது சரி. ஆனா கூடவே, இது ஒருவழிப் பாதை, திரும்பி வர வழி இல்லைங்கிற மாதிரியும் எழுதி வெச்சுட்டார். அது பெரிய கேடாப் போச்சு.

1908ல சுவிட்சர்லாந்துக்காரர் ஆய்கன் ப்ளாய்லர், எல்லாரும் தேய்ஞ்சு போறதில்லையே, பேரே தப்புன்னு சொல்லி ஸ்கிசோஃப்ரினியான்னு மாத்தினார். கிரேக்கத்துல "பிளந்த மனம்". இந்தப் பேரால ஒரு புதுக் குழப்பம். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆள்னு நம்ம சினிமாக்காரங்க இன்னிக்கு வரை காட்டிட்டிருக்காங்க. அது வேற சமாச்சாரம், இது வேற. ஜப்பான்ல 2002ல இந்த நோயோட பேரையே அதிகாரபூர்வமா மாத்திட்டாங்க.

1952ல பாரிஸ்ல குளோர்ப்ரோமசின் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பாத்தாங்க. குரல்களும் சந்தேகங்களும் அடங்கிச்சு. பெரிய புரட்சி, சந்தேகமே இல்லை. சங்கிலிகள் அவிழ்ந்ததுக்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம். ஆனா அதுக்கப்புறம் டாக்டர்கள் கேட்ட கேள்வி, "குரல் கேக்குதா, இல்லையா?"ங்கிறதாவே சுருங்கிடுச்சு. கிரெப்பலின் பாத்த கவனம், ஞாபகம், திட்டமிடல் எல்லாம் பின்னாடி போயிடுச்சு. எங்க வீட்ல நடந்தது இதோட சின்ன சைஸ்தான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னைல யாரையாவது கிண்டல் பண்ணணும்னா "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு சொல்றோம்ல, அந்தக் கீழ்ப்பாக்கத்துக்கு 1794 வரைக்கும் பின்னால போகலாம். வாலண்டைன் கனோலிங்கிற கம்பெனி காலத்து சர்ஜன் புரசைவாக்கம் பக்கம் ஒரு வீட்டுல மனநோயாளிகளுக்கு இடம் ஏற்பாடு பண்ணினார். இருபது பேர்கூட இல்லை. 1871ல அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறுச்சு. லோகாக் தோட்டம்னு பேர், அறுபது ஏக்கருக்கு மேல. 1922ல அரசு மனநோய் மருத்துவமனைன்னு பேர் மாறுச்சு, 1978ல இன்ஸ்டிடியூட் ஆஃப் மென்டல் ஹெல்த். இந்தப் பட்டியலை இதோட விட்டுடறேன். எனக்கு முக்கியமாப் படறது 1961லேருந்து 1978 வரைக்கும்.

அந்தப் பதினேழு வருஷமும் ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டர் எம். சாரதா மேனன். 1923ல மங்களூர்ல பொறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சு, பெங்களூர்ல மனநலம் படிச்சவங்க. இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர்னு சொல்றது இவங்களைத்தான். இடத்துக்கு மீறின கூட்டம், உள்ள வந்தவங்க வெளிய போறதே அபூர்வம், வீட்டுக்காரங்க பொய் விலாசம் கொடுத்துட்டுப் போறது, இதெல்லாம் சகஜமா இருந்த காலம். மாத்திரையால தேறினவங்களும் உள்ளயே இருந்தாங்க. ஏன்னா வெளிய போய் என்ன செய்யறது?

அந்தக் கேள்வியை நிர்வாக நாற்காலில உக்காந்து கேட்டவங்க சாரதா மேனன். அவங்க காலத்துலதான் அந்த வளாகத்துக்குள்ள தொழில் சிகிச்சை மையம் வந்துது. நெசவு, தையல், ரொட்டி போடறதுன்னு. மதில் சுவருக்குள்ள தறி! இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அண்ணனை வெளிய அனுப்பின அதே தறியை, அங்க மருந்து மாதிரிக் கொடுத்திருக்காங்க.

பைத்தியக்கார ஆஸ்பத்திரில வேலை வாங்கறது புதுசு இல்லை. வெள்ளைக்காரன் காலத்துலயும் தோட்ட வேலை இருந்துது. ஆனா அதுல பாதி ஆஸ்பத்திரிச் செலவை மிச்சம் பண்ற கணக்கு. வேலை, வெளிய போறதுக்கான படிக்கட்டா இருக்கணும்னு நினைக்கிறது வேற. கிட்டத்தட்ட அதே காலத்துல அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளோட குடும்பத்தையும் ஆஸ்பத்திரி வளாகத்துல கூடாரம் போட்டுத் தங்க வெச்சார். வேலூர் சி.எம்.சி. 1957ல மனநல மையம் ஆரம்பிச்சப்ப குடும்பத்தோட தங்கறதுதான் முறைன்னு வெச்சாங்க. மேல்நாட்டுல இல்லாத ஒண்ணை நம்மாளுங்க கூடாரம் போட்டுக் கண்டுபிடிச்சிருக்காங்க.

ஓய்வு பெற்ற பிறகு சாரதா மேனன் சும்மா இருக்கலை. 1984ல சென்னைல ஸ்கார்ஃப், அதாவது ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனம், ஆரம்பிச்சாங்க. டாக்டர் ஆர். தாரா ரொம்ப வருஷம் அதோட இயக்குநர். சிகிச்சையோட பகல் மையம், தொழிற்பயிற்சி எல்லாம் அங்க இருக்கு. 1992ல சாரதா மேனனுக்குப் பத்மபூஷண் கொடுத்தாங்க. 2021 டிசம்பர்ல, 98 வயசுல காலமானாங்க. டிவிட்டர்ல அன்னிக்கு வேற என்னவோ டிரெண்டிங்.

தாராவும் டாக்டர் எஸ். ராஜ்குமாரும் சேர்ந்து செஞ்ச ஒரு ஆய்வைப் பத்திச் சொல்லியே ஆகணும். 1981-82ல மெட்ராஸ்ல முதல் தடவையா நோய் வந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 90 பேரைப் பட்டியல் போட்டு, வருஷக்கணக்கா விடாம பின்தொடர்ந்தாங்க. பத்து வருஷம், அப்புறம் இருபது வருஷம். செல்போன் இல்லாத காலத்துல வீடு மாறிப் போனவங்களைத் தேடிப் புடிக்கிறதை நினைச்சுப் பாருங்க. நாம ஒரு சர்வர் லாக்கை மூணு மாசம் பத்திரமா வெக்க மாட்டேங்கறோம்.

அதுல தெரிஞ்ச ஒரு விஷயம்: ஆண்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பேர் ஏதோ ஒரு வேலைல இருந்தாங்க. மேல்நாட்டுக் கணக்கோட ஒப்பிட்டா ரொம்ப அதிகம். உலக சுகாதார நிறுவனம் 1960களோட கடைசில ஆரம்பிச்ச பன்னாட்டு ஆய்வுலயும் இந்தியா மாதிரி நாடுகள்ல நிலைமை மேல்னு வந்திருந்தது. குடும்பம் காரணம், விவசாயம் காரணம், அரசாங்க உதவித்தொகை இல்லாததால உழைச்சே ஆகணும்ங்கிறது காரணம்னு பலதும் சொல்றாங்க.

இதைப் படிச்சுக் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். எனக்கு முழுசா முடியலை. கணக்கு எடுக்க வந்தா எங்க அண்ணனும் "வேலையில் இருப்பவர்"தான். தார் சுத்தறாரே. நாலு தறி பாத்தவர் தார் சுத்தறது எந்தக் கட்டத்துல வரும்? அப்புறம் அந்தக் கணக்கு ஆண்களோடது. இந்த நோய் வந்து புருஷன் விட்டுட்டுப் போன பெண்களைப் பத்தி தாரா குழுவே தனியா எழுதியிருக்காங்க. சமைச்சுட்டுப் பாத்திரம் கழுவிட்டு இருக்கிற பொண்ணை வேலை இருக்குன்னும் எழுத மாட்டாங்க, இல்லைன்னும் எழுத மாட்டாங்க. அவ கவனம் சிதறிச் சோறு அடிப்புடிச்சா அதுக்குப் பேர் நோய் இல்லை, பொறுப்பில்லாத்தனம்.

சரி, கவனம், ஞாபகம்ங்கிற விஷயம் எப்போ திரும்பி வந்துது? அந்தக் கதை மனநோய்ல தொடங்கலை, போர்ல தொடங்குது. முதல் உலகப்போர்ல தலைல குண்டடிபட்ட சிப்பாய்களுக்காக ஃப்ராங்க்ஃபர்ட்ல குர்ட் கோல்ட்ஸ்டைன் ஒரு நிலையம் நடத்தினார். சோதனை, பயிற்சி, கூடவே தொழிற்கூடம். ரெண்டாம் உலகப்போர்ல சோவியத் யூனியன்ல அலெக்சாண்டர் லூரியா இதையே இன்னும் விரிவாச் செஞ்சார். அடிபட்ட மூளை வேற வழியில வேலையைக் கத்துக்கும்ங்கிறது அவர் கட்சி. இதை மனச்சிதைவுக்குக் கொண்டுவந்த முன்னோடிகள்ல 1980கள்ல பெர்ன் நகரத்து ஹான்ஸ் ப்ரென்னர் குழு முக்கியம். சீட்டுகளை நிறம், வடிவம், எண்ணுன்னு பிரிக்கிறதுல தொடங்கி, படிப்படியாப் பேச்சு, பழக்கவழக்கம்னு மேல ஏறற முறை.

1996ல அமெரிக்காவுல மைக்கேல் கிரீன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். வேலை, உறவு, புதுசா ஒண்ணைக் கத்துக்கிறது இதெல்லாம் எப்படிப் போகும்ங்கிறதைக் குரல்களை வெச்சுச் சொல்ல முடியலை, கவனமும் ஞாபகமும்தான் சொல்லுதுன்னார். பெரியம்மா கேட்ட கேள்விக்கு 1996லயே பதில் வந்துடுச்சு. மல்லசமுத்திரத்துக்கு வந்து சேரலை, அவ்ளோதான்.

நம்ம பாஷைல சொன்னா, வைரஸை நீக்கியாச்சு, ஆனா ரேம் கம்மி. ஒரே நேரத்துல நாலு புரோகிராம் திறந்தா தொங்குது. (எல்லாத்தையும் கம்ப்யூட்டரா மாத்தாதடான்னு தங்கமணி திட்டறாங்க. மனுசன் மெஷின் இல்லைதான். ரேமைப் புதுசாச் சொருக முடியாது. பழக்கத்தால கொஞ்சம் விரியும்ங்கிறதுதான் விஷயமே.)

இந்தியாவுல இந்தப் பயிற்சியை வளர்த்த இடம் பெங்களூர் நிம்ஹான்ஸ். அங்க டாக்டர் ஷோபினி ராவ் குழு முதல்ல தலையில அடிபட்டவங்களுக்கு உருவாக்கினது. அப்புறம் டாக்டர் சாந்தலா ஹெக்டே, மனச்சிதைவு புதுசா வந்தவங்களுக்கு வீட்லயே செய்யற மாதிரி மாத்தி ஆய்வு பண்ணி 2012ல வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர் வேண்டாம், பேப்பரும் பென்சிலும் போதும். பக்கம் முழுக்க எழுத்து இருக்கும், குறிப்பிட்ட எழுத்தை மட்டும் அடிச்சுக்கிட்டே போகணும். கட்டங்களுக்கு நிழல் தீட்டணும். இந்தப் பயிற்சிகள்ல எனக்கு ரொம்பப் புடிச்சது தானியம் பிரிக்கிறது. ரெண்டு மூணு வகைத் தானியத்தைக் கலந்து கொடுத்துடுவாங்க. தனித்தனியாப் பிரிக்கணும், நேரம் குறிச்சுக்கணும். கை பழகப் பழக வகையைக் கூட்டணும்.

அண்ணனை ஒரு வழியா பெங்களூருக்குக் கூட்டிட்டு வந்து ஒரு ஆஸ்பத்திரில காட்டினது ரெண்டு வருஷம் முன்னாடி. அங்க இருந்த உளவியல் நிபுணர் இதே தானியப் பயிற்சியை எழுதிக் கொடுத்தாங்க. ஊருக்குப் போய் பெரியம்மாகிட்ட விளக்கினேன். கம்பு, கொள்ளு, பச்சைப்பயறு. அவங்க முறத்தைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "இதுக்கா கண்ணு பெங்களூர் போனீங்க? காலம்பூரா நான் இதைத்தானே பண்ணிட்டிருக்கறேன்?"

பதிலே இல்லை என்கிட்ட :-)

மொத நாள் நாப்பது நிமிஷம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை எந்திரிச்சுப் போயிட்டார். கோவம் வேற. ஆறு வாரம் கழிச்சு இருபத்தஞ்சு நிமிஷம், எந்திரிக்காம. இதுல மயங்கிடக் கூடாதுன்னும் அந்த நிபுணர் சொன்னாங்க. தானியம் வேகமாப் பிரிக்கறவர் தானியம் பிரிக்கறதுல கெட்டிக்காரர், அதோட நின்னா பிரயோஜனம் இல்லை. 2011ல லண்டன்ல டில் வைக்ஸ் குழு 40 ஆய்வுகளை, 2,000 பேருக்கு மேல, ஒண்ணாச் சேர்த்துப் பாத்ததுலயும் இதேதான். பயிற்சியால நடுத்தர அளவு பலன் உண்டு. ஆனா வாழ்க்கைல அது தெரியணும்னா கூடவே வேலைக்கான மறுவாழ்வு ஏற்பாடும் இருக்கணும். அமெரிக்காவுல சூசன் மெக்கர்க் 44 பேரை வெச்சு செஞ்ச ஆய்வுலயும், வெறும் வேலை உதவி மட்டும் கிடைச்சவங்களை விட, கூடச் சிந்தனைப் பயிற்சியும் கிடைச்சவங்க அதிகமா வேலைல இருந்தாங்க. ஆக, முறம் மட்டும் போதாது, தறியும் வேணும்.

குணசீலம் போனதைக் கிண்டல் பண்ணுவீங்கன்னு தெரியும். 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல நிம்ஹான்ஸ்காரங்க ஒரு ஆய்வு போட்டாங்க. தமிழ்நாட்டுல வேலாயுதம்பாளையம்புதூர்ங்கிற ஊர்ல முத்துசுவாமி கோயில்ல வந்து தங்கின 31 பேரை அளந்து பாத்ததுல, அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்தது. மந்திரம் தந்திரம் ஒண்ணும் இல்லை. குடும்பத்துல ஒருத்தர் கூட இருந்தாங்க, யாரும் அடிக்கலை, காலைல பூசை, அப்புறம் கோயிலைக் கூட்டறது, செடிக்குத் தண்ணி ஊத்தறது மாதிரி லேசான வேலைகள். அதுக்கு முந்தின வருஷம், 2001 ஆகஸ்ட் 6ல, ஏர்வாடியில தனியார் காப்பகத்துல தீப்புடிச்சு, சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. கோயிலா ஆஸ்பத்திரியாங்கிறது கேள்வி இல்லைன்னு இப்போ தோணுது. கையில துடைப்பம் கொடுத்தாங்களா, கால்ல சங்கிலி போட்டாங்களாங்கிறதைத்தான் முதல்ல பாக்கணும்.

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை. 1995 ஊனமுற்றோர் சட்டத்துல மனநோயும் பட்டியல்ல இருந்துது, ஆனா அரசு வேலை ஒதுக்கீடு 3 சதவீதத்துல அவங்களுக்குப் பங்கு இல்லை. பார்வை, காது, கை-கால் குறைபாட்டுக்கு மட்டும். 2002ல மனநோய்க்குன்னு ஒரு அளவுகோல் வந்துது. தன்னைப் பாத்துக்கிறது, உறவு, பேச்சு, வேலைன்னு நாலு தலைப்பு. 2016 சட்டத்துல ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு இதுகளோட மனநோயையும் சேர்த்து 1 சதவீதம் கொடுத்தாங்க.

அந்தச் சான்றிதழை அண்ணனுக்கு வாங்கலாம்னு சொன்னேன். பெரியப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டார், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகட்டும்னு. எனக்குக் கோவம் வந்துது. அப்புறம் யோசிச்சேன். எங்க ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட அண்ணனுக்கு என்ன வியாதின்னு நான் இதுவரைக்கும் சொன்னதில்லை. "கொஞ்சம் உடம்பு சரியில்லை"ன்னுதான் சொல்லியிருக்கேன். பெரியப்பாவை என்ன சொல்ல?

இப்போ போன வாரத்துக்கு வர்றேன். எங்க மாமா ஒருத்தர் சின்னதாத் தறிப்பட்டறை வெச்சிருக்கார். ஆறு மாசம் முன்னாடி அண்ணனுக்கு அதுல ஒரே ஒரு தறி கொடுத்தார், நாலு இல்லை. பக்கத்துத் தறிக்காரம்மா தார் தீர்றப்ப ஒரு சத்தம் கொடுப்பாங்கன்னு பேச்சு. சுவத்துல ஒரு அட்டை, அதுல அண்ணன் கையாலயே எழுதினது: நாடா, தார், பாவு, எண்ணெய். ஒவ்வொரு தடவையும் அதைப் பாத்துட்டுத்தான் தறியை ஓட்டறார். கூலி கம்மிதான். மாத்திரை நடக்குது. நடுவுல ஒரு வாரம் போகாம வீட்லயே படுத்துட்டாராம், மாமா ஒண்ணும் சொல்லலையாம்.

நான் போய் நின்னப்ப அண்ணன் திரும்பிப் பாக்கலை. பெங்களூர்ல மழையா, எப்ப வந்தேன், எத்தனை நாள் லீவுன்னு எல்லாம் கேப்பார்னு நினைச்சு நானே பேச ஆரம்பிச்சேன். கையை மட்டும் நீட்டித் தடுத்தார்.

"சித்த சும்மா இருடா தம்பி. தார் தீரப் போவுது."